வாய்ப்பல்லும் சைக்கிள் பல்லும்

செயின் நழுவுவதற்கு முன்னால் எந்த எச்சரிக்கையும் கிடையாது. முழு பலத்தோடு பெடலை மிதித்துக்கொண்டிருப்பேன், மேட்டில் பாதி ஏறியிருப்பேன், திடீரென்று காலுக்கடியில் ஒன்றுமே இருக்காது. இருட்டில் இல்லாத படியில் கால் வைத்தது போல. அடுத்த நொடி 'டடக்' என்று பெடல் சுற்றி வந்து முழங்காலுக்குக் கீழே எலும்பில் அடிக்கும். அந்த நேரத்தில் நான் வாரம் தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவன் என்பதெல்லாம் மறந்துவிடும். வசவைத் தமிழில் ஆரம்பித்து, மலாயில் தொடர்ந்து, சீனர்கள் பேசும் ஹொக்கியனில் முடிப்பேன். ஹொக்கியனில் எனக்குத் தெரிந்த வார்த்தைகளே அவ்வளவுதான்.

எண்பதுகளின் கடைசி அது. மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் டவுனிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் தோட்டத்தில் கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்டிருந்தார்கள். பால்வெட்டு போனதும் பாதிப் பேருக்கு வேலையும் போயிற்று. எனக்கு டவுனுக்கு அந்தப் பக்கம் ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இடம் கிடைத்தது. அப்பா மரத்தைச் சீவிப் பால் எடுத்தார். நான் பீங்கான் கை அச்சுகளிலிருந்து கையுறையை உரித்தேன். குடும்பத் தொழில் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் முதல் ஆறு மாதம் அது என் தொழில் இல்லை. தகுதி பார்க்கும் காலம். அதற்குள் மூன்று முறை தாமதமாக வந்தால் நேராக வீட்டுக்குப் போகலாம். வீட்டுக்குப் போனால், செம்பனைக் குலை தூக்கக் குத்தகைக்காரனிடம் நாள்கூலிக்கு நிற்க வேண்டும். மனைவிக்கு அப்போது இரண்டாவது பிள்ளை வயிற்றில்.

தோட்டத்துக்குள் வந்துகொண்டிருந்த பஸ்ஸை, குலை ஏற்றும் லோரிகள் பாதையைக் குழியாக்கிய பிறகு நிறுத்திவிட்டார்கள். குழியாக்கியது நிர்வாகம், நடந்தது நாங்கள். வீட்டிலிருந்து தார் போட்ட பெரிய சடக்குக்குப் போக ஒரு பள்ளம், அதில் ஒரு சிறு பாலம், பாலத்துக்கு அப்பால் செம்மண் மேடு. மழை பெய்தால் அந்த மேடு சோப்புக் கட்டி. அதில்தான் தினமும் என் மானம் போனது.

இந்தச் சைக்கிளை யாரும் என் தலையில் கட்டவில்லை. நானே ஆசைப்பட்டு வாங்கியது. தோட்டத்து உதவி மானேஜர், எங்கள் சின்னத் தொரை, மாற்றலாகிப் போகும்போது விற்றார். மௌண்டன் பைக். பருத்த டயர், நேரான ஹேண்டில், பின்னால் ஐந்து பல்சக்கரம், முன்னால் மூன்று. எங்கள் லயத்து வீடுகளில் அதுவரை யாரும் பார்க்காத சாமான். முதல் வாரம் தேவையே இல்லாமல் கடைக்குப் போய் வந்தேன். உப்பு வாங்க ஒரு தடவை, உப்பு வாங்கியதைச் சொல்ல இன்னொரு தடவை.

என் மனைவியின் அண்ணன் அதைப் பார்த்த மாத்திரத்தில் ஜெராய் மலைப் பக்கம் கையைக் காட்டினான்.

"மலை அங்க இருக்கு மச்சான். நீ இங்க ஓட்டிக்கிட்டு இருக்கே."

அவனும் அதே தொழிற்சாலையில்தான், ஸ்டோரில். எனக்கு வேலைக்குச் சொல்லிவிட்டது அவன். சொல்லிவிட்டதைச் சொல்லாத நாளில்லை. அவனிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது. நல்லவேளை, அவனை இரவு ஷிப்டில் போட்டிருந்தார்கள். இல்லாவிட்டால் பின்னால் உட்கார்ந்து போகும் தூரம் முழுக்க அந்த உபகாரக் கதையைக் கேட்டிருக்க வேண்டும்.

முதல் தாமதம் சேர்ந்த புதிதிலேயே வந்தது. மேட்டில் செயின் நழுவி, பிறகு கழன்று, அதை மாட்டிவிட்டுக் கை நிறையக் கிரீஸோடு ஓடி நின்றபோது வாசல் கேட் அருகே சூப்பர்வைசர் நின்றிருந்தார். ஒன்று, என்று விரலைக் காட்டினார். 

அன்று மாலையே பாசார் சந்தைக்குப் பக்கத்துச் சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரச் சீனர், தவுக்கே, என்னைவிட நன்றாகத் தோட்டத் தமிழ் பேசுவார். பிறந்ததிலிருந்து பீடோங்.

"என்னா தம்பி, காடி சண்டி பண்ணுதா?"

பின் சக்கரத்தைத் தூக்கிப் பெடலைச் சுற்றினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"எல்லாத்தையும் மாத்திடு. செயினு, பின்பல்லு, முன்பல்லு, செயினைத் தள்ளிவிடுற கை, ஹேண்டில்ல இருக்கிற லீவரு. எல்லாம் ஒரே குடும்பம் லா. ஒன்னு புதுசு, ஒன்னு பழசுன்னா வீட்டுல சண்டைதான்."

சொல்லிக்கொண்டே கண்ணாடி அலமாரியைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். உள்ளே அத்தனையும் வெள்ளி போல் மின்னியது. லீவரை விரலால் தள்ளினார். 'டிக்'. இன்னும் ஒருமுறை. 'டிக்'. என் சைக்கிள் லீவர் அப்படியெல்லாம் பேசாது. கையால் இழுத்து, காதால் கேட்டு, குத்துமதிப்பாக நிறுத்த வேண்டும். புதியதில் ஒரு டிக்குக்கு ஒரு பல்சக்கரம், தானாகப் போய் உட்காரும். என்னிடம் கொடுத்தார். நான் தள்ளினேன். டிக், டிக், டிக். கல்யாணத்தன்று போட்ட மோதிரத்தைக்கூட நான் அத்தனை முறை தொட்டுப் பார்த்ததில்லை.

விலையைச் சொன்னார். சம்பளத்தில் பாதிக்கு மேல்.

எனக்கு உடனே கோபம் வந்தது. வாங்க முடியாத ஒன்றைக் காட்டுகிறவர் மேல் வருகிற கோபம். இந்த மனிதர் சாமான் தள்ளிவிடப் பார்க்கிறார், நழுவுவது செயின், செயினை மாற்றினால் போயிற்று, எனக்குத் தெரியாதா?

"செயின் மட்டும் போடுங்க."

"தம்பி, அது சரிப்படாது."

"செயின் மட்டும்."

போட்டுக் கொடுத்தார். தவுக்கேயை ஜெயித்துவிட்ட மிதப்பில் வீட்டுக்கு வந்து, மிச்சப்படுத்திய காசைப் பற்றி மனைவியிடம் நீண்ட நேரம் பேசினேன். செலவு செய்யாத பணத்தை மிச்சம் என்று சொல்லிக்கொள்வதில் நான் கெட்டிக்காரன்.

மறுநாள் காலை அந்தப் புதுச் செயின், பழைய செயினுக்கு நான் செய்த துரோகத்துக்குப் பழிவாங்கியது. முன்பெல்லாம் மேட்டின் பாதியில் நழுவும், இப்போது அடியிலேயே. மிதிக்க மிதிக்க டடக், டடக், டடக். நான்காவது டடக்கில் நான் முன்னால் போனேன், சைக்கிள் அங்கேயே நின்றது. ஹேண்டில் வாயில் அடித்தது. உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் கொட்டியது. அப்படியே தள்ளிக்கொண்டும் ஓடியும், ஓட்டியும் நழுவியும், கேட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஷிப்ட் மணி எப்போதோ அடித்து முடிந்திருந்தது.

சூப்பர்வைசர் விரலை உயர்த்தப் போனார். நான் முந்திக்கொண்டு, வீங்கிய உதட்டோடு மலாயில் காரணத்தைச் சொன்னேன்.

"கிகி ரோசாக், என்சேக்."

கியர் கெட்டுவிட்டது ஐயா, என்றுதான் சொன்னேன். மலாயில் கிகி என்றால் பல். கியருக்கும் அதே சொல்தான். எங்கள் தோட்டத்திலும் சைக்கிளைப் பற்றிப் பேசும்போது அப்படித்தான் சொல்வோம், பல்லு போச்சு, பல்லு மாத்தணும் என்று. எனக்கு அதில் எந்தக் குழப்பமும் இல்லை. அவர் என் வாயைப் பார்த்தார், ரத்தத்தைப் பார்த்தார், உயர்ந்த விரல் இறங்கியது.

"அல்லா! பல் வலி பொல்லாதது. போ, போ, முதலில் போய்க் காட்டு."

முதலுதவி அறையில் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லிப் பஞ்சு கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் உட்காரவும் விட்டார்கள். தாமதம் எழுதவில்லை. சூப்பர்வைசர் நல்ல மனிதர், சைக்கிள் கெட்டதுக்குக்கூட இவ்வளவு இரக்கப்படுகிறாரே என்று உருகிப்போனேன். வேறு மாதிரி யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை என்பதை இப்போது சொன்னால் யாரும் நம்புவதில்லை. என்னைத் தெரிந்தவர்கள் நம்புவார்கள்.

மறுநாள் இருட்டோடு கிளம்பி, மேடு முழுக்கச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஏறி, நேரத்துக்குப் போய்விட்டேன். கையுறை வரிசையில் எல்லாரும் நிற்கும்போது சூப்பர்வைசர் அருகில் வந்தார்.

"பல் எப்படி?" மலாயில்தான் கேட்டார். நானும் மலாயிலேயே பதில் சொன்னேன்.

"இன்னும் சரியாகல என்சேக். எல்லாத்தையும் மாத்தணும்னு சொல்றார்."

"எல்லாத்தையுமா? இந்த வயசிலா?"

"பின்னால இருக்கிறதும் போச்சாம். முன்னால இருக்கிறதும் தேஞ்சுபோச்சாம்."

"எந்த டாக்டர் இப்படிச் சொன்னது?"

"டாக்டர் இல்லே, பாசார் பக்கத்துல தவுக்கே. பழசைப் பிடுங்கறதுக்கு அவர்கிட்ட ஒரு சாமான் இருக்கு. உள்ள விட்டு, இரும்புல கவ்வ வச்சு, முறுக்கினா வந்துடும்."

அவர் முகம் வெளுத்தது. "பல்லையா?"

"ஆமா. அப்புறம் கிரீஸ் போட்டு புதுசை மாட்டிடுவார்."

பக்கத்தில் நின்ற அக்கா ஒருத்திக்கு முதலில் புரிந்தது. கையுறை போட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. எனக்கு அப்போதுதான் புரிந்தது. சூப்பர்வைசருக்கு எல்லாருக்கும் கடைசியாகப் புரிந்தது, அதுதான் ஆபத்து. அத்தனை பேருக்கு முன்னால் தான் சைக்கிளுக்கு இரக்கப்பட்டது தெரிந்ததும் அவர் காதுமடல் சிவந்தது.

"நேற்றும் தாமதம்தான். இரண்டு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிரிப்பு அடங்கிய பிறகு எனக்கு வந்த கோபம் இன்று வரை முழுதாக இறங்கவில்லை. நேற்று வந்த அதே ஆள். அதே ரத்தம். அதே உதடு, அதை அவர் கண்ணால் பார்த்தார். வாயில் இருக்கும் பல் கெட்டால் பாவம், உட்கார், பஞ்சு வாங்கிக்கொள். என்னைச் சுமந்து வருகிற பல் கெட்டால் அது என் திமிர். பஸ்ஸை நிறுத்தியது நானா? பாதையைக் குழியாக்கியது நானா? கித்தாவை வெட்டச் சொல்லி நான் மனுக் கொடுத்தேனா? அவருக்கு வீட்டு வாசல் வரைக்கும் தார் போட்ட சடக்கு, காரில் வருகிறார். செம்மண் மேட்டில் ஒருநாள், ஒரே ஒருநாள், அவரைச் சைக்கிளோடு விட்டால் என்ன என்று அன்று முழுக்க யோசித்தேன். அன்று நான் உரித்த கையுறைகளில் எத்தனை கிழிந்தன என்று யாரும் எண்ணாமல் போனது என் அதிர்ஷ்டம்.

இனி ஒருமுறை நழுவினால் வேலை போகும். தினமும் இருட்டில் தள்ளிக்கொண்டு போகலாம்தான். ஆனால் மழைக்காலம் தொடங்கியிருந்தது, அந்த மேட்டில் தள்ளுவதற்கே காலுக்குப் பல் வேண்டும்.

கெடாவில் ஞாயிறு வேலை நாள், வெள்ளிதான் ஓய்வு. அந்த வெள்ளிக்கிழமை காலை மச்சான் இரவு ஷிப்ட் முடித்த கையோடு வீட்டுக்கு வந்து, பசியாறிக்கொண்டே தீர்ப்புச் சொன்னான். தொழிற்சாலை முழுக்கக் கதை பரவியிருந்தது.

"வித்துடு மச்சான். வித்துட்டு மோட்டார் ஒன்னு தவணையில எடு. நான் ஜாமீன் போடுறேன். வேலைக்கும் நான்தான் சொல்லிவிட்டேன்..."

"தெரியும் லா. ஊருக்கே தெரியும்."

"கோவப்படாதே. பல்லு ஆடும்."

அவன் தங்கை சிரித்தாள். என் மனைவி என்பதை அந்த நேரத்தில் மறந்துவிட்டாள். அவன் போன பிறகு நான் என் திட்டத்தைச் சொன்னேன். தவுக்கே காட்டிய அந்தப் பெட்டி முழுசையும் எடுத்துவிடுவது. பாதியை இப்போது கொடுத்து மீதியைப் பிறகு. வேலையைக் காப்பாற்ற வேறு வழியில்லை என்று நியாயமாக, அழுத்தமாக, கையை ஆட்டிப் பேசினேன்.

"அந்த டிக்கு டிக்கு சத்தம் வரும்னீங்களே, அதுவா?"

"சத்தத்துக்கா வாங்குறாங்க?"

"வேலைக்கு வாங்குறீங்களா, ஆசைக்கு வாங்குறீங்களா? அத மட்டும் சொல்லுங்க. ஆசைக்குன்னாலும் தப்பில்ல. பிள்ள பொறந்த பெறகு வாங்கலாம்."

எனக்குக் கோபம் வந்தது. எழுந்து வெளியே போய்ச் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். அவள் முன்னால் எதையாவது செய்ய வேண்டியிருந்தது. பெடலைக் கையால் மெதுவாகச் சுற்றினேன். சுற்றிக்கொண்டே மச்சானை, சூப்பர்வைசரை, தவுக்கேயை ஒவ்வொருவராகத் திட்டினேன். திட்டுகிறவன் எங்கேயாவது பார்த்துத்தானே திட்ட வேண்டும்? பின் சக்கரத்தைப் பார்த்துத் திட்டினேன்.

அப்போதுதான் கண்ணில் பட்டது. ஐந்து பல்சக்கரத்தில் நடுவில் இருந்த இரண்டு மட்டும் வேறு மாதிரி இருந்தன. மற்றவற்றில் பல் நேராக, கோபுரம் போல. இந்த இரண்டில் ஒரு பக்கம் தேய்ந்து, சுறாத் துடுப்பு போல வளைந்து நின்றது. புதுச் செயின் அந்த வளைவில் உட்கார மாட்டேன் என்றது. பல்லின் நுனியில் ஏறி நின்று, அழுத்தினால் குதித்து அடுத்ததுக்குத் தாவியது. பழைய செயின் அந்தப் பற்களோடு சேர்ந்தே தேய்ந்து நீண்டு போயிருந்ததால் எப்படியோ ஒத்துப்போயிருக்கிறது. முன்பல்லைப் பார்த்தேன். தேய்மானம் இருந்தது, ஆனால் செயின் ஒழுங்காக உட்கார்ந்தது. செயினைத் தள்ளிவிடும் கை நன்றாக நகர்ந்தது. லீவர் ஊமையாக இருந்தாலும் தன் வேலையைச் செய்தது.

மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று. பின்பல் தொகுதி. கோபம் இன்னும் கூடியது, ஏனென்றால் இப்போது தவுக்கே பாதி சரி, நான் முழுத் தப்பு.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பீடோங்குக்குப் போனேன். தவுக்கே பெட்டியை எடுக்க எழுந்தார்.

"அது வேணாம். பின்பல்லு மட்டும். அஞ்சு சக்கரத்துது."

"இதைத்தானே நான் அன்னிக்கே சொன்னேன்?"

"நீங்க எல்லாத்தையும் மாத்தணும்னு சொன்னீங்க!"

"எல்லாத்துல இது சேத்தி இல்லையா?"

"பின்பல்லும் செயினும்னு சொல்லியிருந்தா நான் அன்னிக்கே செஞ்சிருப்பேன். வாய் கிழிஞ்சிருக்காது. வேலை ஊசலாடியிருக்காது. பெட்டியை விக்கணும்னு எல்லாத்தையும் சொன்னீங்க!"

கடையில் ட்யூபுக்குப் பஞ்சர் ஒட்டக் காத்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தவுக்கே அலமாரிக் கதவைச் சாத்தினார். பிறகு, "வேபாரம் தம்பி," என்றார். "நீ மட்டும் என்னா, நான் சொன்னதுல பாதியாவது கேட்டியா?"

உள்ளே போய் ஒரு பின்பல் தொகுதியை எடுத்து வந்தார். பளபளப்பு இல்லை, டிக் இல்லை. பல் மட்டும் நேராக இருந்தது. என் கையில் இருந்த காசுக்குள் வந்தது.

பழையதைக் கழற்றுவது லேசில் நடக்கவில்லை. சின்னத் தொரை காலத்திலிருந்து மிதித்து மிதித்து இறுகியது. தவுக்கே கவ்வு கருவியை மேசையில் இருந்த இரும்புப் பிடியில் பூட்டி, அதன் மேல் சக்கரத்தை மாட்டினார். லோரி ஸ்டியரிங்கைத் திருப்புவது போல் இரண்டு பேரும் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினோம். அசையவில்லை. எண்ணெய் விட்டார். அசையவில்லை.

"யாரையாவது நெனச்சுக்கிட்டுத் திருப்பு தம்பி."

நினைப்பதற்கா எனக்கு ஆள் பஞ்சம்? சூப்பர்வைசரை நினைத்தேன். மேசை நகர்ந்தது. பஸ்ஸை நிறுத்தியவர்களை நினைத்தேன். மச்சானை நினைத்தேன், அவன் உபகாரத்தை நினைத்தேன். திடீரென்று 'கிறீச்' என்று சக்கரம் சுழன்றது. நான் கடைக்கு நடுவில் தொங்கிய டயர்களுக்குள் போய் விழுந்தேன். யாரை நினைத்தபோது கழன்றது என்று தவுக்கே கேட்டார். நான் அவரிடம் சொல்லவில்லை. அவரைத்தான் நினைத்திருந்தேன்.

மறுநாள் விடிகாலையில் மழை. பாலத்தைத் தாண்டி மேட்டின் அடியில் நின்று, ஒருமுறை சிலுவை போட்டுக்கொண்டு மிதித்தேன். உடம்பு முழுக்க டடக்குக்காகக் காத்திருந்தது. முழங்கால் தானாகவே பின்வாங்கியது. பாதி மேடு. டடக் வரவில்லை. டயர் சேற்றில் வழுக்கியது, ஆனால் செயின் பிடித்துக்கொண்டது. மேட்டின் உச்சியில் பெரிய சடக்கைத் தொட்டபோது சந்தோஷப்பட வேண்டும் என்று தோன்றியது, வந்தது ஆத்திரம்தான். இவ்வளவுதானா? இந்த ஒரு கையளவு இரும்புக்கா இத்தனை பாடு?

மூன்றாவது தாமதம் வரவே இல்லை. ஆறு மாதம் முடிந்தபோது சூப்பர்வைசர் அறைக்குக் கூப்பிட்டார். வேலை நிரந்தரம், கையெழுத்துப் போடு என்றார். ஆனால் இரண்டு தாமதம் இருப்பதால், எல்லாருக்கும் நிரந்தரமாகும்போது கிடைக்கிற சம்பள உயர்வு எனக்கு இந்தத் தடவை கிடையாது, அடுத்த வருஷம் பார்க்கலாம்.

பேனாவைக் கீழே வைத்தேன். எனக்குத் தெரிந்த மலாய் முழுவதையும் அன்று செலவழித்தேன். முதல் தாமதம் என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது நாள் நான் பொய் சொல்லவில்லை. கெட்டது எதுவோ அதைத்தான் சொன்னேன். ரத்தம் உண்மை. அன்று நீங்கள் எழுதாமல் விட்டதை, மறுநாள் ஆட்கள் சிரித்ததற்காக எழுதினீர்கள். அது என் தாமதத்துக்கான தண்டனை இல்லை என்சேக், அவர்களுடைய சிரிப்புக்கான தண்டனை. அதை என் சம்பளத்தில் பிடிக்கிறீர்கள்.

குரல் உயர்ந்துவிட்டது எனக்கே தெரிந்தது. கதவுக்கு வெளியே மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டிருக்கும். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னை வெளியே போகச் சொல்லவில்லை. எழுதியதை அடிக்கவும் இல்லை. "எழுதியது எழுதியதுதான். மேலே அனுப்பியாகிவிட்டது," என்றார் கடைசியில், மெதுவாக.

வீட்டில் பிள்ளை பிறக்கிற நேரம். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். தாள் கிழிகிற அளவுக்கு அழுத்திப் போட்டேன்.

"வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்டார்.

"மழை வருது என்சேக். என் சைக்கிளுக்கு மட்கார்ட் கிடையாது," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. வீடு போய்ச் சேர்ந்தபோது பின்டயர் வாரியடித்த சேறு இடுப்பிலிருந்து பிடரி வரைக்கும் ஒரே கோடாக ஏறியிருந்தது. மனைவி கதவைத் திறந்து, முன்னால் பார்த்து, திருப்பி நிறுத்திப் பின்னாலும் பார்த்தாள்.

"என்னா ஆச்சு?"

"நிரந்தரமாக்கிட்டான்," என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.